நாடி கிடைக்காத கை, நம்பக்கூடாத பிரஷர்: தகாயாசு நோய் கேள்வி-பதில்

என் மகளுக்கு 22 வயது. அடிபம்பில் நாலு குடம் அடிப்பதற்குள் இடது கை கடுத்துப்போகிறது. நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. அந்தக் கையில் வைத்தால் பிரஷர் மெஷின் 'எர்ரர்' காட்டுகிறது. ரத்தசோகை என்று டானிக் கொடுத்தார்கள். ஸ்டான்லியில் கை டாக்டரிடம் காட்டலாமா? (கொருக்குப்பேட்டை)

வேலை செய்யும்போது வந்து, கையைத் தொங்கவிட்டால் சில நிமிடங்களில் விட்டுப்போகிற வலி என்றால், தசைக்கு ரத்தம் போதவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு பேர்பெற்றதுதான். ஆனால் உங்கள் மகளுக்குக் கோளாறு கையிலேயே இருக்க வாய்ப்பு குறைவு. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியிலிருந்து கைக்குக் கிளை பிரிந்து, காறை எலும்புக்கு அடியில் ஓடுகிற இடத்தில் குழாய் சுருங்கியிருக்கலாம்.

இந்த வயதுப் பெண்ணுக்கு இப்படி வந்தால் தகாயாசு ஆர்ட்டரைட்டிஸ் (தமனி அழற்சி) என்ற அரிய நோயை நினைத்துப் பார்த்தே ஆக வேண்டும். உடலின் எதிர்ப்பாற்றலே மகாதமனியையும் அதன் கிளைகளையும் தாக்கி, சுவரை வீங்க வைக்கிறது. சுவர் தடிக்கத் தடிக்க உள்வழி குறுகும், சில இடங்களில் அடைந்தேபோகும். பெரும்பாலும் 40 வயதுக்கு முன் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். பல மாதம் விட்டுவிட்டுக் காய்ச்சல், எடை குறைதல், கழுத்து வலி என்று ஆரம்பிப்பதால் டானிக்கிலேயே காலம் போய்விடும்.

இரண்டு மணிக்கட்டிலும் ஒரே நேரத்தில் நாடி பிடிக்கச் சொல்லுங்கள். இரு கைகளிலும் பிரஷர் பார்த்து, மேல் எண் 10-க்கு மேல் வித்தியாசப்பட்டால் கவனிக்க வேண்டும். கழுத்திலும் காறை எலும்புக்கு மேலும் ஸ்டெதஸ்கோப் வைத்தால் 'விர்' என்ற இரைச்சல் கேட்கலாம். அடுத்தது டாப்ளர் ஸ்கேன், சி.டி. அல்லது எம்.ஆர். ஆஞ்சியோ. போக வேண்டிய இடம் ருமட்டாலஜி (மூட்டு, எதிர்ப்பாற்றல் கோளாறு நோய்கள்) பிரிவு. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இருக்கிறது. கை அழுகிவிடுமோ என்று பயப்படாதீர்கள். அடைப்பு மெதுவாக வருவதால் பக்கத்துச் சிறு குழாய்கள் பெருத்து ரத்தத்தைக் கொண்டுபோய்விடும். விரல் அழுகுவது இந்த நோயில் அபூர்வம்.

மனைவிக்குக் கையில் 110/70. பெரிய ஆஸ்பத்திரியில் காலில் பார்த்து 190 என்கிறார்கள். எது உண்மை? (திருவொற்றியூர்)

இரண்டும் உண்மை. ஆனால் இதயமும் மூளையும் தாங்கிக்கொண்டிருப்பது 190-ஐ. சுருங்கிய குழாய்க்கு அப்பால் அளந்தால் குறைவாகத்தான் காட்டும்.

சாதாரணமாகவே கால் அளவு கையைவிட 10 முதல் 20 வரை கூடுதலாக இருக்கும். 80 கூடுதல் என்றால், அளந்த கைக்குப் போகும் குழாய் சுருங்கியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். சிலருக்கு இது தலைகீழ்: வயிற்றில் மகாதமனி சுருங்கியிருந்தால் காலில் குறையும், கையில் ஏறும். அதனால் முதல் தடவை நான்கு கை கால்களிலும் பார்க்க வேண்டும். எதில் அதிகமோ அதுவே கணக்கு. நான்குமே கெட்டிருந்தால் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைச் செலுத்தி மகாதமனிக்குள் அளப்பதைத் தவிர வழியில்லை.

காலில் பார்க்கும்போது ஐந்து நிமிடம் படுக்க வைத்து, தொடைக்கான பெரிய பட்டையைச் சுற்ற வேண்டும். கைப்பட்டையைத் தொடையில் இழுத்துக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். நோட்டின் அட்டையிலேயே 'பிரஷர் வலது காலில் மட்டும்' என்று (உங்களுக்கு எந்தக் காலோ அதை) பெரிதாக எழுதி வையுங்கள். எங்கோ மயங்கி விழுந்து, விஷயம் தெரியாதவர் கையில் பார்த்து 'லோ பிரஷர்' என்று சலைன் ஏற்றினால், ஏற்கெனவே திணறும் இதயத்தில் இன்னும் சுமை ஏறும்.

இந்தியாவில் இந்த நோய் சிறுநீரகத் தமனிகளை அடிக்கடி பிடிக்கிறது. பிரஷர் ஏறுவதற்கு அது முக்கியக் காரணம். இரண்டு பக்கமும் சுருங்கியிருந்தால் எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தையே முடக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரின் பிரஷர் மாத்திரை வேண்டாம். டாக்டரே இவற்றைத் தொடங்கினாலும் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரக வேலையைக் காட்டுவது) பொட்டாசியமும் பார்க்க வேண்டும்.

ஈ.எஸ்.ஆர். நார்மல். அப்படியும் நோய் அடங்கவில்லை என்கிறார்களே? (வியாசர்பாடி)

சரியாகத்தான் சொல்கிறார்கள். அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் ஒழுங்காக இருக்கும்போதே குழாய்ச் சுவரில் அழற்சி நடக்கலாம். ரத்தசோகையிலும் தொற்றிலும் ஈ.எஸ்.ஆர். தானாகவே ஏறும் என்பதால் மறுபக்கமும் ஏமாற்றும். புதிய இடத்தில் வலி, புதிதாக நாடி குறைதல், ஸ்கேனில் சுவர் தடிப்பு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள். பழைய ஸ்கேன் படங்களைப் பரணில் போடாதீர்கள். ஒப்பிட அவை வேண்டும்.

மாண்டூ ஊசி வீங்கியது. அப்படியானால் டி.பி.தானே? வீட்டில் குழந்தைகளுக்கு ஒட்டுமா? (எம்.கே.பி. நகர்)

தகாயாசு ஒட்டுநோய் அல்ல. டி.பி.க்கான தோல் பரிசோதனையான மாண்டூ வீங்கினால் டி.பி. கிருமி எப்போதோ உடலுக்குள் வந்திருக்கலாம் என்று மட்டுமே பொருள். ஆனாலும் அதை விட்டுவிட முடியாது. தகாயாசுக்கு ஸ்டீராய்டு தொடங்கினால் தூங்கும் கிருமி விழித்துக்கொள்ளலாம். முதலில் மார்பு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சளிப் பரிசோதனை, பிறகு தடுப்பு மாத்திரையா முழுச் சிகிச்சையா என்ற முடிவு. இன்னொன்று: டி.பி.க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை ஸ்டீராய்டின் வேகத்தைக் குறைத்துவிடும். இரண்டும் சேர்ந்து ஓடினால் ஸ்டீராய்டு அளவைக் கூட்ட வேண்டிவரலாம் என்பதை இரண்டு டாக்டருக்கும் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டால் முகம் உப்பிவிட்டது, நானே நிறுத்திவிட்டேன். மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதுமா? (தண்டையார்பேட்டை)

இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். சில வாரங்களுக்கு மேல் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சாப்பிட்டால் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். திடீரென்று விட்டால் வாந்தி, தலைசுற்றல், பிரஷர் சரிவு என்று உயிருக்கே ஆபத்தாகலாம். தினம் 40 முதல் 60 மி.கி. வரை தொடங்கி, இரண்டு மூன்று மாதத்தில் 15-20-க்கும், ஓராண்டுக்குள் 10 அல்லது அதற்குக் கீழும் கொண்டுவருவது வழக்கம். அளவு குறையக் குறைய முகமும் வடியும். காலையில் சாப்பிட்ட பிறகு, கால்சியம், வைட்டமின் டி உடன். இடையிடையே சர்க்கரைப் பரிசோதனை.

எதிர்ப்பாற்றலை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள். இதில் நடக்கும் தவறுதான் மிக மோசமானது: தினமும் விழுங்கினால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து உயிர் போகலாம். கிழமையை அட்டையில் எழுதுங்கள். ஃபோலிக் ஆசிட் வேறு கிழமையில். மெடிக்கலில் வலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்காதீர்கள். இந்த மருந்தோடும் சிறுநீரகத் தமனிச் சுருக்கத்தோடும் அது ஒத்துப்போகாது.

ஸ்டென்ட் வைத்தால் தீர்ந்துவிடாதா? (ராயபுரம்)

நோய் கொதிக்கும்போது வைத்தால் திரும்ப அடைத்துக்கொள்ளும். அழற்சியை அடக்கிவிட்டு, தேவைப்பட்ட குழாய்க்கு மட்டும் செய்வார்கள். மூளைக்கோ இதயத்துக்கோ ரத்தம் தடைப்படும் அவசரம் வேறு.

கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. குழந்தை பெறலாமா? (பெரம்பூர்)

பெறலாம், திட்டமிட்டு. நோய் குறைந்தது ஆறு மாதமாவது அடங்கியிருப்பது நல்லது. மெத்தோட்ரெக்சேட்டை மூன்று மாதம் முன்பும், அதே வகையான மைக்கோஃபினோலேட்டை ஆறு வாரம் முன்பும் டாக்டரைக் கேட்டு நிறுத்த வேண்டும். பதிலுக்கு அசத்தியோபிரின் தரலாம். மேலே சொன்ன எனலாப்ரில், டெல்மிசார்டன் வகைகளும் கர்ப்பத்தில் கூடாது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனையில் பதிவு செய்யும் முதல் நாளே, பிரஷர் எந்தக் கையில் அல்லது காலில் பார்க்க வேண்டும் என்று சொல்லி அட்டையில் எழுதச் சொல்லுங்கள். கர்ப்பகால பிரஷரைக் கெட்ட கையில் தேடினால் கிடைக்காது.

கருவாடு சாப்பிடலாமா? (காசிமேடு)

பிரஷரும் ஸ்டீராய்டும் இருக்கும்வரை வேண்டாம். ஊறவைத்துக் கழுவினாலும் உப்பு முழுக்கப் போகாது. பச்சை நெத்திலியை முள்ளோடு சாப்பிடுங்கள், கால்சியமும் கிடைக்கும்.