போட்டோவைப் போட்டால் கதவு வருமா?

கேள்வி: நான் கதவு, நிலை செய்யும் ஆசாரி. பெரம்பலூர் பக்கம் சொந்தப் பட்டறை. போன வருடம் கடன் வாங்கி 4-க்கு 8 அடி சி.என்.சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி மரம் செதுக்கும் மெஷின்) போட்டேன். வாடிக்கையாளர் ஒருவர் தாத்தா வீட்டு நிலையில் இருக்கும் கஜலட்சுமியை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, புது வீட்டுத் தேக்குக் கதவில் அதே மாதிரி வேண்டும் என்கிறார். படத்தை மென்பொருளில் போட்டு ஓட்டினால் முகம் குழியாகிறது, பொட்டு ஓட்டையாகிறது. மெஷின் விற்றவர், 40,000 ரூபாய்க்கு ஒரு ஏ.ஐ மென்பொருள் வாங்கினால் எந்தப் படத்தையும் செதுக்கலாம் என்கிறார். இன்னொருவர் பத்தாயிரம் டிசைன் அடங்கிய பென்டிரைவை 3,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: இரண்டையும் வாங்காதீர்கள். ஏன் என்று சொல்லிவிட்டு உங்கள் கஜலட்சுமிக்கு வருகிறேன்.

உங்கள் மென்பொருளுக்கு லட்சுமியும் தெரியாது, யானையும் தெரியாது. வெளுத்த இடம் மேடு, கறுத்த இடம் பள்ளம், நடுவில் உள்ள சாம்பல் நிறங்கள் நடுத்தர உயரம். அதன் கணக்கு இவ்வளவுதான். ஆனால் கேமராவில் பதிவானது எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம் பட்டது என்பது. பல வருட விளக்குப் புகையில் கறுத்த முகம் குழியாகும். குங்குமம் ஓட்டையாகும். யானை வயிற்றின் கீழே விழுந்த நிழல் வாய்க்காலாகும். எண்ணெய்ப் பிசுக்கில் ஃப்ளாஷ் பட்டுப் பளிச்சிட்ட மூக்கு முள்ளாக நிற்கும். நிறத்தைத் தலைகீழாக மாற்றிப் பார்த்திருப்பீர்கள். அப்போது பொட்டு கொப்புளமாகியிருக்கும். மங்கலாக்கி மழமழப்பாக்கினாலும் அதே தப்பு வழவழப்பாக வரும், வேறொன்றும் மாறாது. பெரிய படமாக அனுப்பச் சொன்னாலும் இதே கதைதான்.

'விற்பவர் டெமோவில் ஓட்டியபோது அச்சு அசலாக வந்ததே' என்று கேட்பீர்கள். அங்கேதான் சூது. டெமோவில் அவர் போடும் சாம்பல் நிறப் படம் போட்டோவே கிடையாது. ஏற்கெனவே கம்ப்யூட்டரில் செய்து முடித்த முப்பரிமாண உருவத்திலிருந்து, உயரத்தையே நிறமாக மாற்றி எடுத்த படம் அது. அதில் மூக்கு நுனி வெள்ளை, காது சாம்பல், பின்பலகை முழுக் கறுப்பு. நிழல் ஒரு பொட்டுக்கூட இருக்காது. அதைப் போட்டால் எந்த மென்பொருளிலும் சரியாகத்தான் வரும், இப்போது உங்களிடம் இருப்பதிலும் வரும். ஏ.ஐ விஷயமும் இப்படித்தான். முன்னால் இருப்பது மரம், பின்னால் இருப்பது மலை என்று அது ஊகித்துவிடும். 10 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் கன்னம், உதடு, விரல், தாமரை இதழ் எல்லாவற்றையும் பிரித்துத் தரச் சொன்னால் பெரும்பாலும் விரல்கள் ஒட்டிக்கொள்ளும், முகம் தட்டையாகும். பணம் கொடுக்கும் முன் ஒன்று கேளுங்கள்: 'என் படத்தைப் போட்டு, என் கண் முன்னால், ஆறு அங்குல எம்.டி.எஃப் (மரநார்ப் பலகை) துண்டில் ஓட்டிக் காட்டுங்கள்.' சாக்குச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பென்டிரைவைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. யாரோ உழைத்துச் செய்த கோப்புகளைத் திருடித் தொகுத்தது அது. பெரிதாக்கினால் முகத்தில் முக்கோணம் முக்கோணமாகத் தெரியும். எப்படியும் உங்கள் வாடிக்கையாளர் கேட்கும் லட்சுமி அதில் இருக்கப் போவதில்லை. கூடவே 'ஒரிஜினல் ஆர்ட்கேம், ஆயுள் லைசென்ஸ்' என்று ஒன்றைச் சேர்த்து விற்பார்கள். ஆர்ட்கேம் என்பது புடைப்பு டிசைன் செய்யும் மென்பொருள். அதை ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2018-லேயே நிறுத்திவிட்டது. இன்றைக்குப் புது லைசென்ஸ் கொடுக்க யாராலும் முடியாது. அதே நிரலை உரிமம் பெற்றுத் தொடர்வது கார்வெக்கோ. கிராக் (உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி) போடுவதற்காக வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். மெஷினை ஓட்டுவதும் அதே கம்ப்யூட்டர்தான் என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைப்பதில்லை.

இதற்கெல்லாம் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். கடன் விண்ணப்பத்தில் மெஷினின் விலைப்பட்டியல் கேட்கிறார்கள், கொட்டகை வாடகை கேட்கிறார்கள், கரண்டு இணைப்பு கேட்கிறார்கள். டிசைனை யார் செய்து தருவார் என்று ஒருவரும் கேட்பதில்லை. மென்பொருளுக்கும் பயிற்சிக்கும் திட்ட அறிக்கையில் தனி வரியே இருக்காது. 'சாஃப்ட்வேர் இலவசம்' என்று மெஷின் விலைக்குள் போட்டு முடித்துவிடுவார்கள். இலவசம் என்றால் கிராக். பிறகு மாதத் தவணை ஓடிக்கொண்டே இருக்கும், மெஷின் ஜாலிக் கதவு மட்டும் வெட்டிக்கொண்டிருக்கும்.

சரி, கஜலட்சுமி. முதலில் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். சுற்றியுள்ள கொடி, பூ, அன்னப்பட்சி, மணி வரிசையெல்லாம் கோட்டு வேலை. அதற்கு உயரம் வேண்டாம், விளிம்பு போதும். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் படத்தை வைத்துக் கோடாக மாற்றலாம். தானாக மாற்றும் வசதியை நம்பி விட்டுவிட்டால் ஒரு வளைவுக்கு நூறு புள்ளி விழும். மெஷின் உதறி உதறிப் போகும், விளிம்பு பிசிறடிக்கும். நீங்கள் கையில் வரையத் தெரிந்தவர். படத்தைப் பின்னால் வைத்து மேலே நீங்களே கோடு போடுங்கள். ஒரு பாதியை வரைந்து புரட்டிப் போட்டால் மறுபாதி தயார். வி-பிட் (வி வடிவக் கூர்முனை உள்ள வெட்டு முனை) போட்டு ஓட்டினால் உளி போட்ட மாதிரியே முனை கூராக முடியும்.

லட்சுமியும் யானைகளும் புடைப்பு வேலை. அவற்றுக்கு முப்பரிமாண உருவம் இருந்தே ஆக வேண்டும். தாத்தா வீட்டு நிலை இன்னும் இருக்கிறது என்றால் நேரில் போங்கள். ஒரு படத்தில் கிடைக்காத ஆழம் பல கோணப் படங்களில் கிடைக்கும். மேகமூட்டமான பகலில், ஃப்ளாஷ் போடாமல், இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று நகர்ந்து நகர்ந்து எடுங்கள். ஒரு படத்தில் இருப்பதில் முக்கால் பங்காவது அடுத்த படத்திலும் இருக்க வேண்டும். பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்துவிடுங்கள், பிறகு அளவு பிடிக்க உதவும். பளபளப்பு இருந்தால் உருவம் கெடும். டால்கம் பவுடர் லேசாகத் தூவலாம்தான். ஆனால் பூசை நடக்கும் நிலை, வீட்டாரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். இந்தப் படங்களைச் சேர்த்து உருவமாக்க மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதற்கு என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் வேண்டும். வருவது கரடுமுரடாகத்தான் இருக்கும். முப்பரிமாண வேலை தெரிந்த பையன் ஒருவரிடம் கொடுத்துக் கண், விரல், இதழைச் சரிசெய்து எஸ்.டி.எல் என்ற முப்பரிமாணக் கோப்பாக வாங்குங்கள். ஆஸ்பயர், கார்வெக்கோ போன்ற செதுக்கு மென்பொருள்களில் அது திறக்கும்.

நிலை இப்போது இல்லை, போட்டோ மட்டும்தான் என்றால், உருவத்தை யாராவது புதிதாகச் செய்ய வேண்டும். உங்கள் மாவட்டத்திலேயே அரும்பாவூர் இருக்கிறது. அங்கே செய்யும் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்குள்ள சிற்பி ஒருவரிடம் சின்ன அளவில் ஒன்று செதுக்கித் தரச் சொல்லி அதை ஸ்கேன் செய்யலாம். எத்தனை கதவுக்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லி, அதற்குச் சேர்த்தே கூலி பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மெஷினில் வந்ததை 'அரும்பாவூர் வேலை' என்று விற்கவும் வேண்டாம்.

போட்டோவை நேராகப் போட்டும் சரியாக வரும் வேலை ஒன்று உண்டு. கதவுக்கு உதவாது, ஆனால் உங்களைத் தேடி வரும் என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன்: இறந்துபோன பெரியவர்களின் முகப்படம். இதில் மேடு பள்ளம் செய்வதில்லை. பலகை முழுவதும் வரிசையாகக் கோடு இழுத்து, கறுப்பு வேண்டிய இடத்தில் கோட்டை அகலமாகவும் வெளுப்பு வேண்டிய இடத்தில் மெலிதாகவும் வெட்டுகிறோம். தள்ளி நின்று பார்த்தால் முகம் தெரியும். வெளிச்சத்தை வெளிச்சமாகவே எடுத்துக்கொள்வதால்தான் இங்கே போட்டோ செல்லும். 300 மில்லிமீட்டர் அகலப் பலகையில் 1.5 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் 200 கோடு. ஒரு முகத்துக்குத் தாராளம். இதற்குத் தேக்கு வேண்டாம், தேக்கின் ரேகை கோட்டோடு சண்டை போடும். கறுப்பு பெயின்ட் அடித்த எம்.டி.எஃப் போதும், வெட்டிய இடம் வெளுப்பாகத் தெரியும் என்பதால் படத்தை நிறம் மாற்றிப் போட வேண்டும். முக்கியமானது மட்டம். 90 டிகிரி வி-பிட்டில் ஆழம் 0.2 மில்லிமீட்டர் மாறினால் கோட்டின் அகலம் 0.4 மில்லிமீட்டர் மாறும். பலகை ஒரு மூலையில் லேசாகத் தூக்கியிருந்தால் பெரியவருக்கு ஒரு கன்னம் வெளுத்துவிடும். அடிப்பலகையை முதலில் மெஷினிலேயே சீவி மட்டமாக்கிக்கொண்டு, அதன் மேல் பலகையைப் பிடித்து ஓட்டுங்கள்.

கடைசியாக, விலை சொல்லும் முன் நேரத்தைக் கணக்குப் போடுங்கள். மெஷின் விற்றவர் 'ஒரு மணி நேரத்தில் சாமி வந்துவிடும்' என்று சொல்லியிருப்பார். ஒன்றரைக்கு இரண்டடிப் பலகை என்றால் 450-க்கு 600 மில்லிமீட்டர். முடிப்பு ஓட்டத்தில் வரிக்கு வரி 0.25 மில்லிமீட்டர் நகர்ந்தால் 1,800 வரி, மொத்தம் 1,080 மீட்டர். நிமிடத்துக்கு 3 மீட்டர் ஓடினால் 6 மணி நேரம். வளைவுகளில் மெஷின் அந்த வேகத்தைத் தொடாது, ஆகவே இன்னும் கூடும். அதற்கு முன் தடிமனான பிட்டில் கழிவெடுக்கும் ஓட்டம் தனி. முடிப்புக்குக் கூம்பு வடிவ உருண்டை முனை பிட் போடுங்கள். முனையைவிடச் சின்ன நுணுக்கம் எதுவும் மரத்தில் வராது. துதிக்கையின் அடிப்பக்கம் குடைந்திருந்தால் அதுவும் வராது, உங்கள் மெஷின் மேலிருந்து மட்டும்தான் இறங்கும். அந்த இடங்களை உளியால் நீங்களே முடியுங்கள். உப்புத்தாளைக் கண்ணிலும் உதட்டிலும் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

ஆக, வாடிக்கையாளரிடம் உருவம் செய்யும் கூலி, மெஷின் மணி, கைவேலை, மரம் என்று நான்கு வரியாக எழுதிக் கொடுங்கள். உருவக் கூலியை முழுவதும் முன்பணமாக வாங்கிவிடுங்கள். அந்தக் கோப்பு யாருக்குச் சொந்தம், வேறு கதவில் போடலாமா என்பதையும் அதே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.