சராசரிச் சம்பளம் ஏறினால் எல்லாருக்கும் சம்பளம் ஏறியது என்று அர்த்தமா?

கேள்வி இது: பெருந்தொற்றில் அத்தனை பேருக்கு வேலை போன பிறகும் சராசரிச் சம்பளம் ஏறியது எப்படி? இயந்திரத்திடம் போன வேலைகள் திரும்பி வருமா?

முதலில் சராசரி. ஓர் இடத்தில் மணிக்கு 10 வாங்குபவர்கள் 6 பேர், 30 வாங்குபவர்கள் 4 பேர் என்று வையுங்கள். சராசரி 18. கீழே உள்ள 6 பேரில் 4 பேரை வீட்டுக்கு அனுப்பினால், மிச்சமுள்ளவர்களின் சராசரி 23.3. ஒருவருக்கும் ஒரு காசு கூடவில்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் நடந்தது இதுதான். வேலையின்மை 15 சதவீதத்தை நெருங்கிய அதே மாதத்தில் சராசரி மணிக்கூலி 4 சதவீதத்துக்கு மேல் குதித்தது. பொருளாதார மந்தக் காலத்தில் சராசரியைப் பார்க்காதீர்கள். ஒப்பிடும் இரண்டு மாதங்களிலும் வேலையில் இருந்த அதே ஆட்களின் சம்பளத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. இயந்திரம் நல்ல காலத்தில் மெல்லத்தான் நுழையும். அதைப் பொருத்த உற்பத்தியை நிறுத்தவேண்டும், ஆட்களுக்கு ஈட்டுத்தொகை தரவேண்டும். மந்தத்தில் இந்த இரண்டு தடையும் விலகிவிடுகின்றன: உற்பத்தி ஏற்கெனவே நின்றிருக்கிறது, ஆட்களும் போய்விட்டார்கள். ஆர்டர் திரும்பும்போது முதலாளி போடும் கணக்கு, புதிய ஆளை எடுத்துப் பழக்குவதா, இயந்திரம் வாங்குவதா என்பதுதான். பெருந்தொற்று இதோடு இடைவெளி, தனிமைப்படுத்தல் என்ற செலவுகளையும் சேர்த்தது. 1991, 2001, 2009 மந்தங்களுக்குப் பிறகும் அமெரிக்காவில் உற்பத்தி மீண்டது. ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகள் அதே வேகத்தில் மீளவில்லை.

வேலை எப்படிக் கரைகிறது என்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். கணக்குப் பிரிவில் 4 பேர், ஒவ்வொருவரும் வாரம் 40 மணி நேரம். அதில் 18 மணி பில் பதிவு. மொத்தம் 72 மணி. பில் படிக்கும் சாஃப்ட்வேர் பில்களில் நான்கில் மூன்று பங்கைச் சரியாகப் பதிந்தால் கணக்குப்படி 54 மணி வேலை குறையும், அதாவது ஒரு ஆளுக்கும் மேல். அன்றைக்கே யாரையும் நீக்கமாட்டார்கள். ஒருவர் விலகும்போது அந்த இடத்தை நிரப்பாமல் விடுவார்கள்; மந்தம் வந்தால் இன்னொருவரையும் சேர்த்து அனுப்புவார்கள். இங்கேதான் நிர்வாகங்கள் தவறுகின்றன. சாஃப்ட்வேர் விட்டுவைக்கும் பில்கள் எல்லாமே சிக்கலானவை: மங்கிய கையெழுத்து, ஒத்துவராத வரி எண், இரண்டு முறை வந்த அதே பில். சாதாரண பில்லை விட இவற்றுக்கு நேரம் பல மடங்கு ஆகும். இரண்டு பேரை அனுப்பிய இடத்தில் மாதக் கடைசிக் கணக்கு தள்ளிப்போவது இதனால்தான்.

அந்தச் சிக்கல்களை அவிழ்க்கத் தெரிந்தவருக்குச் சம்பளம் பேச இடம் இருக்கிறது; பதிவு மட்டும் செய்பவருக்கு இல்லை. உங்கள் ஒரு வாரத்தை மணிக்கணக்காக எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேல் ஒரே மாதிரிப் பதிவு என்றால், தகராறான பில்களைக் கையாளும் வேலையை இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்குறைப்புப் பட்டியல் தயாரான பிறகு அதைக் கேட்டுப் பயனில்லை.