வேகமாகச் சறுக்குபவருக்கு 13 டின் பைண்டிங் போதுமா, 16 வேண்டுமா?

எடை 80 கிலோ, ஸ்கீ ரிசார்ட்டில் முரட்டு வேகத்தில் சறுக்குவேன், டின் எண் 16 வரை போகும் பைண்டிங்தான் (பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் கருவி) வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

எவ்வளவு விசையில் பூட் கழன்றுகொள்ள வேண்டும் என்பதைக் குறிப்பதுதான் டின் (DIN) எண். எடை, உயரம், வயது, பூட் அடியின் நீளம், சறுக்கும் பாணி எல்லாம் பார்த்து அட்டவணைப்படி வைப்பார்கள். உங்களுக்கு 8, 9 என்று வந்தால், 4 முதல் 13 வரை உள்ள மார்க்கர் கிரிஃபன் பைண்டிங்கில் அது நடுவில் விழும். அதுதான் நல்லது. 6 முதல் 16 வரையுள்ள மார்க்கர் ஜெஸ்டரை அதன் உறுதிக்காக வாங்கினால் சரி. எண்ணுக்காக என்றால் வெறும் ஜம்பம்.

நான் முதலில் பார்ப்பது மீள் அசைவை. கரடுமுரடான பனியில் அடி விழும்போது பூட் கொஞ்சம் நகர்ந்து, கழலாமல் மையத்துக்குத் திரும்ப வேண்டும். லுக் பிவட் பைண்டிங்கில் இது முன்னால் 45 மி.மீ., குதிகாலில் 28 மி.மீ. இந்த அசைவு குறைவான பைண்டிங் தேவையில்லாமல் கழலும். உடனே பலர் டின் எண்ணைக் கூட்டத் திருகை ஏற்றிவிடுகிறார்கள். உண்மையாகக் கழல வேண்டிய நேரத்தில் அது கழலாது, கால்தான் முறியும்.

பிரேக் (பூட் கழன்றதும் ஸ்கீயை நிறுத்தும் கம்பிகள்), ஸ்கீயின் இடுப்பு அகலத்தைவிடச், அதாவது நடுப்பகுதியின் அகலத்தைவிடச், சற்றே அகலமாக இருந்தால் போதும். பூட்டின் அடி கிரிப்வாக் (நடக்க வசதியான வளைந்த அடி) என்றால் பைண்டிங்கும் அதை ஏற்பதாக இருக்க வேண்டும். பூட்டைக் குதிகால் பகுதி முன்னோக்கித் தள்ளும் அழுத்தத்தைப் பயிற்சி பெற்ற டெக்னீஷியனிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அது தப்பினால் டின் எண்ணை நம்ப முடியாது.