பார்பரா ஸ்டீல் நடித்த பேய்ப் படங்களை இன்னும் ஏன் கொண்டாடுகிறார்கள்?

அந்தக் கண்களுக்காகத்தான், முதல் காரணம் அதுவே. 1937-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1960-ல் ஹாலிவுட்டில் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி நடித்த படத்தில் கிடைத்த வாய்ப்பைப் பாதியில் விட்டவர். அதே வருடம் மரியோ பாவா இயக்கத்தில் இத்தாலியில் வெளியான 'பிளாக் சண்டே'தான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

அதில் இரட்டை வேடம். சூனியக்காரி ஒருத்தி, அவள் வம்சத்தில் வந்த அப்பாவிப் பெண் இன்னொருத்தி. உள்பக்கம் ஆணிகள் வைத்த முகமூடியை சூனியக்காரியின் முகத்தில் வைத்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். பிற்பாடு அதைக் கழற்றும்போது முகமெல்லாம் ஓட்டை ஓட்டையாக இருக்கும், ஆனாலும் பார்வையை நம்மால் விலக்க முடியாது. அழகும் அருவருப்பும் ஒரே முகத்தில் இருப்பதுதான் அவருடைய வசியம் என்பேன். பிரிட்டனில் இந்தப் படத்துக்குப் பல வருடம் தடை வேறு!

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கால இத்தாலியப் படங்களில் பெரும்பாலும் நாம் கேட்பது அவர் குரலே இல்லை, டப்பிங்தான். அப்படியென்றால் முகம் மட்டுமே எவ்வளவு வேலை செய்திருக்கிறது பாருங்கள்.

நடுவில் இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் 'எட்டரை' படத்திலும் வந்தார். ஆனால் பேய்ப்பட நாயகி என்ற முத்திரை விழுந்தது விழுந்ததுதான், அது அவருக்கு அலுத்தும் போனது. அப்புறம் தயாரிப்புப் பக்கம் போய், 'வார் அண்ட் ரிமெம்பரன்ஸ்' தொடருக்காக 1989-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருது வாங்கினார். ரசிகர்களில் பலருக்கு இது தெரியாது.

ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன் என்றால் 'பிளாக் சண்டே' பாருங்கள், விளக்கை அணைத்துவிட்டு.