அரளி: வெட்டினால்தான் பூக்கும்

கேள்வி: வாசல் ஓரமாக வைத்த அரளி ஆள் உயரம் தாண்டிவிட்டது. இலைக்குக் குறைவில்லை, பூ மட்டும் உச்சியில் ஒன்றிரண்டு. இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர், மாதம் ஒருமுறை யூரியா தருகிறேன். வேறு என்ன செய்வது?
– வாசகி, திருச்சி

பதில்: யூரியாவை முதலில் நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் செடி இலை விட்டுக்கொண்டே போகும், மொட்டு வைக்காது. இரண்டாவதாக வெயிலைப் பாருங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடத்தில் அரளி கொம்பு நீட்டுமே தவிரப் பூக்காது. மரநிழலோ எதிர்வீட்டுச் சுவரோ வெயிலை மறைக்கிறதா என்று கவனியுங்கள்.

மிச்சம் கவாத்து, அதாவது கொம்புகளை அளவாக வெட்டிவிடுவது. அரளி புதுக் கொம்பின் நுனியில்தான் பூக்கும். உங்கள் செடியில் நுனிகள் குறைவு, அதனால் பூவும் குறைவு. கணுவுக்கு மூன்று இலை வட்டமாக நிற்கும். அந்தக் கணுவுக்கு அரை அங்குலம் மேலே வெட்டினால், அங்கிருந்து இரண்டு அல்லது மூன்று தளிர் கிளம்பும். ஒரு நுனி மூன்றாகிவிடும்.

மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் எல்லாக் கொம்புகளையும் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். மிக முதிர்ந்த கொம்பு ஒன்றிரண்டை அடியோடு எடுத்துவிடலாம். பிறகு ஐந்து கிலோ மக்கிய தொழுவுரமும் இரண்டு கைப்பிடி மரச்சாம்பலும் தூரிலிருந்து ஓரடி தள்ளிக் கொத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். பங்குனி வெயிலில் பூக்கத் தொடங்கும். மாசி, பங்குனியில் கத்தரியைத் தொட்டால் வரவிருக்கும் மொட்டுகளைத்தான் வெட்டுவீர்கள். பூத்து முடிந்த கொத்து என்று எண்ணி ஒடித்துவிடவும் வேண்டாம். அதே கொத்தில் சிறு மொட்டுகள் பாக்கி இருக்கும்.

கேள்வி: மூன்று முறை அரளிப் போத்து (வெட்டி நடும் குச்சி) நட்டேன், மூன்று முறையும் அழுகிவிட்டது.
– வாசகர், நாமக்கல்

பதில்: இளந்தண்டு நட்டிருப்பீர்கள், அல்லது மண்கலவையில் எருவைச் சேர்த்திருப்பீர்கள். பச்சை மாறிச் சாம்பல் நிறம் ஏறத் தொடங்கிய, பென்சில் கனமுள்ள கொம்பாக எடுங்கள். முக்கால் அடி நீளம் போதும். கீழ்வெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும், வேர் அங்கேதான் கிளம்பும். அடி இலைகளைக் களைந்து, மேலே நான்கைந்து இலைகளைப் பாதியாக நறுக்கிவிடுங்கள். வெட்டுவாயில் வடியும் சாற்றைக் கழுவிவிட்டு நடுங்கள்.

கலவை இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு செம்மண். எரு கூடவே கூடாது. வேரில்லாத குச்சிக்கு எருவால் பயனில்லை, பூஞ்சைதான் சேரும். மூன்று அங்குலம் ஆழம் நட்டு, நிழலில் வைத்து, மேல்மண் காயும்போது மட்டும் தெளியுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும். லேசாக இழுத்தால் எதிர்ப்புத் தெரியும். பொறுமை இல்லாதவர்கள் பாட்டில் தண்ணீரில் குச்சியை நிறுத்தி, இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினாலும் வேர் விடும். அந்தப் பாட்டில் தண்ணீர் விஷம், குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது.

கேள்வி: மாடித் தொட்டியில் அடுக்கு அரளி. இலை மஞ்சளாகி உதிர்கிறது. தண்ணீர் போதவில்லையா?
– வாசகி, சென்னை

பதில்: பெரும்பாலும் கூடியிருக்கும். அரளி இலையின் அடிப்புறத்தில் சின்னச் சின்னக் குழிகள் உண்டு. சுவாசத் துளைகள் அவற்றுக்குள், ரோமங்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும். அனல் காற்று நேரடியாகப் படாததால் நீர் எளிதில் ஆவியாவதில்லை. நெடுஞ்சாலை நடுத்திட்டில் தாரும் வெயிலும் காய்ச்சும் இடத்தில் அரளியை நடுவதற்கு இது ஒரு காரணம். மாடு வாய் வைக்காது என்பது இன்னொன்று.

அடித்தட்டில் தண்ணீர் நின்றால் வேர் அழுகி இலை பழுக்கும். தட்டை எடுத்துவிட்டு வடிதுளையைக் குச்சியால் குத்திப் பாருங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். தரையில் வேரூன்றி ஒரு வருடம் ஆன செடிக்குக் கோடையில்கூடப் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை போதும். தொட்டிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. அடியிலுள்ள முதிய இலை ஒன்றிரண்டு பழுத்தால் கவலை வேண்டாம்.

அடுக்கு வகையில் இன்னொரு சங்கடம், வாடிய பூ தானாக உதிராமல் மழையில் கொத்தோடு அழுகும். கையால் எடுத்துவிட வேண்டும். பராமரிக்க நேரமில்லாதவர்களுக்கு ஒற்றை அடுக்கே நல்லது.

கேள்வி: கொழுந்தில் மஞ்சள் பூச்சி மொய்க்கிறது, எறும்பும் ஏறுகிறது.
– வாசகர், தேனி

பதில்: அது அரளி அசுவினி. உடல் மஞ்சள், கால் கருப்பு. அதன் இனிப்புக் கழிவுக்குத்தான் எறும்பு வருகிறது. காலையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி மூன்று நாள் தொடர்ந்து கழுவினால் பாதி போய்விடும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் கொழுந்தின் அடிப்பக்கம் படும்படி தெளியுங்கள். யூரியா போட்ட செடியில் இது அதிகம் வரும்.

தரையில் கரும்புழுக்கை தெரிந்தால், மேலே வாலில் கொம்பும் தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண் போன்ற புள்ளியும் உள்ள பெரிய பச்சைப் புழு இருக்கும். கையுறை போட்டு எடுத்துவிடலாம், மருந்து தேவையில்லை.

கேள்வி: வீட்டில் ஆடு உண்டு, குழந்தையும் உண்டு. அரளி வைக்கலாமா?
– வாசகி, சிவகங்கை

பதில்: ஆடு கட்டும் இடத்திலும் குழந்தை விளையாடும் இடத்திலும் வேண்டாம். இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு. பச்சையாக ஆடு ஒதுக்கினாலும், வெட்டிப் போட்டுக் காய்ந்த தழையைத் தீவனத்தோடு தின்றுவிடும். காய்ந்தாலும் நஞ்சு போகாது. கவாத்துக் கழிவை ஆழப் புதையுங்கள். எரிக்காதீர்கள், புகையும் ஆகாது. குச்சியைப் பல் துலக்கவோ அடுப்புக்கோ எடுக்கக்கூடாது. மஞ்சள் பூ பூக்கும் பொன்னரளி வேறு இனம். அதன் கொட்டை இன்னும் ஆபத்து.

மாலைக்கும் அர்ச்சனைக்கும் தடையில்லை. கரவீரம் என்றால் அலரி, அதாவது அரளி. திருவாரூர் அருகே திருக்கரவீரம் என்ற தலத்தின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். ஆனால் நைவேத்தியத்தின் மேல் பூவை வைக்காதீர்கள். 2024 மே மாதம் கேரளத்தில் கோயில்களை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவசம் போர்டு, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப் பூ கூடாது என்று முடிவெடுத்தது.

யாராவது தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல், வாந்தி எடுக்கவைக்காமல், 108-ஐ அழையுங்கள். செடியின் ஒரு கிளையையும் பையில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.