நேலண்டின் ஏழு விதிகள் – கடிதம்

வணக்கம். அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் உதைத்தும் ஆடுவது) வீரர்கள், அந்நாளைய பயிற்சியாளர் ஜெனரல் ராபர்ட் நேலண்டின் ஏழு விதிகளை ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் ஒரே குரலில் சொல்கிறார்கள். ‘தவறு குறைவாகச் செய்யும் அணி வெல்லும்’ என்பது முதல் விதி. இது யாருக்குத்தான் தெரியாது? பந்தை எறிந்தே ஜெயிக்கிற காலத்தில், உதைக்கும் ஆட்டத்தை முடுக்கச் சொல்லும் ஆறாவது விதி எதற்கு? வெறும் சடங்குதானே?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மூன்றாவதும் ஏழாவதும் உற்சாகமூட்டும் பேச்சுதான், ஒப்புக்கொள்கிறேன். மற்றவை வேலைக் குறிப்புகள். முதலாவதையும் ஆறாவதையும் சேர்த்துப் படியுங்கள்.

நேலண்டின் அணி தன் எல்லையிலிருந்து வெறும் 20 கெஜத்தில் மாட்டிக்கொண்டால் நான்காவது டவுன் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி) வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவதிலேயே திடீரென்று உதைத்துவிடும். அன்றைய சிங்கிள் விங் என்ற அணிவகுப்பில் பந்து நேராக, பின்னால் நிற்கும் டெயில்பேக் என்ற வீரரின் கைக்கு வரும். அவர் ஓடுவாரா, எறிவாரா, உதைப்பாரா என்று எதிரணிக்குத் தெரியாது. பின்னால் பிடிக்க ஆளில்லாததால் பந்து உருண்டுகொண்டே போகும். 50 கெஜம் போனால், நூறு கெஜ மைதானத்தில் எதிரணி 70 கெஜம் கடந்தாக வேண்டும். ஓர் ஓட்டத்துக்கு மூன்று நான்கு கெஜம் கிடைப்பதே பெரிது என்றிருந்த காலம். அவ்வளவு தூரத்துக்குள் எங்காவது யார் கையிலாவது பந்து நழுவும்; முதல் விதி சொல்லும் தவறு அதுதான். நேலண்ட் பயிற்றுவித்த 216 ஆட்டங்களில் 112-இல் எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. 1939 பருவத்தின் வழக்கமான ஆட்டங்கள் பத்திலும் அதே கதை. அதன்பின் பருவ முடிவில் நடக்கும் ரோஸ் பௌல் ஆட்டத்தில்தான் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திடம் 14–0 என்று தோற்றார்கள்.

திடீர் உதை இன்று அரிது. ஆனால் உதைப்பவரைக் காக்கச் சொல்லும் நான்காவது விதி பழசாகவில்லை. பண்டர், அதாவது உதைப்பவர், பந்தைப் பின்னால் அனுப்பும் சென்டருக்குச் சுமார் 15 கெஜம் பின்னால் நிற்கிறார். பந்து கிளம்பி அவர் காலில் படுவதற்குள் இரண்டு நொடி. அவருக்கு முன்னால் நிற்கும் காவலர், பாய்ந்து வருபவரைக் கண்டு பின்வாங்கினால், உதைத்த பந்து அந்தக் காவலரின் முதுகிலேயே அடிக்கும்.

எனக்கு மிகப் பிடித்தது ஐந்தாவது. அதில் ‘ஓஸ்கி’ என்று ஒரு கூவல் வருகிறது. எதிரணி எறிந்த பந்தை நம்மவர் இடைமறித்ததும் எழுப்பும் குரல் அது. அது காதில் விழுந்த கணமே மற்ற பத்துப் பேரும் தடுப்பாட்டத்தை விட்டுவிட்டு, பந்து வைத்திருப்பவருக்கு வழி திறக்க வேண்டும். முதலில் மறிக்க வேண்டியது அந்தப் பந்து யாருக்கு எறியப்பட்டதோ அவரை. பக்கத்திலேயே இருப்பவர் அவர்தான். தாமதமாகத் திரும்புகிறவர் பதற்றத்தில் பின்னாலிருந்து தள்ளிவிடுவார்; 10 கெஜம் தண்டம், ஓடிய ஓட்டமும் பறிபோகும். யோசித்துச் செய்ய அங்கே நேரமில்லை. அதனால்தான் அறையை விட்டுக் கிளம்புமுன் எல்லோரும் சேர்ந்து வாய்விட்டுச் சொல்கிறார்கள்.