சினுஹே ஏன் ஓடினான்?

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் பழைய புத்தகக் கடையொன்றில் பின்லாந்து எழுத்தாளர் மிகா வல்தாரியின் ‘எகிப்தியன்’ நாவல் ஆங்கிலத்தில் கிடைத்தது. மூன்று வாரம் அதற்குள்ளேயே குடியிருந்தேன். சினுஹே என்ற மருத்துவனும், தன் வாழ்க்கையைத் தானே அவன் பாழாக்கிக்கொள்வதும், மன்னன் அகெனாதெனின் வீழ்ச்சியும் இன்னும் மனதை விட்டு அகலவில்லை. இது ஒரு பழைய எகிப்தியக் கதையின் தழுவல் என்று நண்பர் சொன்னதால் மூலத்தைத் தேடி ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். இருபது பக்கம்கூட வராது. மருத்துவன் இல்லை, அகெனாதென் இல்லை. ஒருவன் ஓடுகிறான், வயதான பிறகு திரும்புகிறான். ஏன் ஓடினான் என்றுகூடச் சொல்லவில்லை. ஏமாந்துவிட்டேன். இதையா பெரிய இலக்கியம் என்கிறார்கள்? வல்தாரி இவ்வளவு மாற்றியது முறைதானா? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஏமாற்றத்தையும் மீறி, இதைத் தமிழில் பெயர்த்துப் பார்க்கும் ஆசை எழுந்திருக்கிறது. எகிப்திய மொழி தெரியாதவன் ஆங்கிலத்திலிருந்து செய்தால் தவறா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

முதலில் உங்கள் நண்பரைத் திருத்திவிடுகிறேன். வல்தாரி 1945இல் வெளியிட்ட நாவல் தழுவல் இல்லை. பழைய கதையின் சினுஹே, அமெனெம்ஹாத் மன்னன் இறந்த காலத்தவன். வல்தாரியின் சினுஹே அதற்கு ஏறத்தாழ 600 ஆண்டுகள் பிற்பட்டவன். நாவலின் தொடக்கத்திலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது: கதை கேட்பதில் பித்துக்கொண்ட வளர்ப்புத் தாய் கிபா, பழங்கதை நாயகனின் பெயரைக் குழந்தைக்கு வைக்கிறாள். அந்தப் பழைய சினுஹே அரசனின் கூடாரத்தில் ஒரு பயங்கர ரகசியத்தைத் தற்செயலாகக் கேட்டுவிட்டு ஓடியவன் என்று நாவல் சொல்கிறது. பெயரையும் அந்த ரகசியத்தின் நிழலையும் மட்டும் கடன் வாங்கி, வேறொரு மனிதனின் வாழ்க்கையை வல்தாரி எழுதினார். எகிப்துக்கு அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. நீங்கள் படித்த ஆங்கிலப் பதிப்போ, பின்னிஷ் மூலத்தின் ஸ்வீடிஷ் மொழிபெயர்ப்பிலிருந்து, சுருக்கப்பட்டு வந்தது. அதில் மூன்று வாரம் குடியிருந்த நீங்கள் இன்னொரு மொழியின் வழியே பெயர்ப்பது தவறா என்று கேட்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

உங்கள் ஏமாற்றத்துக்கு வருகிறேன். மூலத்தை நாவல் படித்த வேகத்தில் படித்திருக்கிறீர்கள். அந்த ஓட்டத்தை மட்டும் மறுபடி பாருங்கள். முப்பதாம் ஆட்சியாண்டு, வெள்ளப் பருவத்தின் மூன்றாம் மாதம், ஏழாம் நாள் அரசன் இறக்கிறான். இளவரசன் செனுஸ்ரெத் லிபியப் படையெடுப்பிலிருந்து திரும்பிக்கொண்டிருக்கிறான். இரவில் தூதர்கள் வந்து செய்தி சொல்ல, படைக்குக்கூடத் தெரிவிக்காமல் பருந்துபோலப் பறந்துவிடுகிறான். படையில் இருந்த மற்ற அரசகுமாரர்களுக்கும் ஆள் வருகிறது. அவர்களில் ஒருவன் பேசுவது, அருகில் நின்ற சினுஹேயின் காதில் விழுகிறது. அவன் என்ன பேசினான்? கதை சொல்லவில்லை. சினுஹேயின் நெஞ்சு கலங்குகிறது, கைகள் விரிகின்றன, உடம்பு முழுதும் நடுங்குகிறது. இரண்டு புதர்களுக்கு நடுவே ஒளிந்துகொள்கிறான். பிறகு சுக்கானில்லாத படகில் மேல்காற்று தள்ள ஆற்றைக் கடந்து, எல்லைக் காவலருக்குத் தப்பி, பாலைவனத்தில் தொண்டை வறண்டு விழுகிறான். ‘இதுதான் சாவின் சுவை’ என்று நினைக்கிறான். அப்போது மாடுகள் கத்தும் சத்தம் கேட்கிறது.

ஏன் ஓடினாய் என்று ரெட்ஜெனு (இன்றைய சிரியா, பாலஸ்தீனப் பகுதி) நாட்டுத் தலைவன் அமுநென்ஷி கேட்கும்போது சினுஹே பாதி உண்மையும் பாதி மழுப்பலுமாகப் பதில் சொல்கிறான். தான் மழுப்பியதையும் நம்மிடம் ஒப்புக்கொள்கிறான். பல ஆண்டுகள் கழித்து அரசனுக்கு எழுதும் மடலில் அவன் சொல்வதன் சாரம் இது: நான் திட்டமிடவில்லை. என்னை யாரும் துரத்தவில்லை. வசைச்சொல் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் உடம்பு சிலிர்த்தது, கால்கள் ஓடின, நெஞ்சு இழுத்துக்கொண்டு போனது. கழிமுகத்துக்காரன் திடீரென்று தன்னைத் தெற்கெல்லையான யானைத்தீவில் கண்டதுபோல, ஒரு கனவுபோல இருந்தது.

நாலாயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர், தன் செயலுக்குத் தனக்கே காரணம் தெரியாத மனிதனை எழுதியிருக்கிறார். நீங்கள் குறை என்று நினைத்த இடம் இதுதான். எனக்கு இந்தக் கதையில் இதைவிடப் பெரிய இடம் கிடையாது.

அந்த வெற்றிடத்தைப் பார்த்து யாருக்கும் கை சும்மா இருப்பதில்லை. அமெனெம்ஹாத் தன் மகனுக்குச் சொல்லும் அறிவுரையாக அமைந்த இன்னொரு பழைய எகிப்தியப் படைப்பில், இரவுணவுக்குப் பின் படுத்திருந்த தன்னைத் தன் காவலர்களே தாக்கியதை அரசன் விவரிக்கிறான். அதை வைத்து, சினுஹே கேட்டது கொலைச் சதி என்று ஆய்வாளர் பலர் கருதினர். எகிப்திய எழுத்தாளர் நகீப் மஹ்ஃபூஸ் 1941இல் எழுதிய ‘சினுஹேயின் திரும்புதல்’ சிறுகதையில் மூலத்தில் இல்லாத ஒரு முக்கோணக் காதலைக் கொண்டுவந்தார். வல்தாரி, போரில் அடிபட்ட ஐரோப்பாவின் கசப்பு முழுவதையும் கொட்டினார். முறைதானா என்று கேட்டீர்கள். நாவலாசிரியன் அதைச் செய்யத்தான் பிறந்தவன், செய்யட்டும். வல்தாரி முடிவையும் தலைகீழாக்கியதைக் கவனித்தீர்களா? மூலத்தில் சினுஹேக்கு வெளிநாட்டில் சாவதுதான் பெரும் பயம். ‘ஆட்டுத்தோலில் சுற்றி உன்னைப் புதைக்க விடமாட்டேன், வா’ என்று அரசன் எழுத, அவன் திரும்பி வந்து, கல்லறையும் கட்டப்பட்டு நிறைவாக இறக்கிறான். வல்தாரியின் சினுஹேயோ நாடு கடத்தப்பட்டு, கடற்கரையில் தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான். மூலத்தைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்தத் தனிமை இரண்டு மடங்காகும்.

மொழிபெயர்ப்பாளனுக்கு அந்தச் சலுகை கிடையாது. காரணம் சொல்லப்படாத இடத்தில் உங்கள் தமிழும் காரணம் சொல்லாமல் நிற்க வேண்டும். ‘அஞ்சி ஓடினேன்’ என்று ஒரு சொல்லைக் கூடுதலாக வைத்தால் கதை போய்விட்டது.

எகிப்திய மொழி தெரியாதது குறைதான், ஆனால் செய்யவிடாமல் தடுக்கும் குறையாக நான் நினைக்கவில்லை. மஹ்ஃபூஸ் வெளியிட்ட முதல் நூலே, பண்டைய எகிப்து பற்றி ஜேம்ஸ் பெய்கி என்ற ஸ்காட்லாந்துக்காரர் எழுதியதன் அரபி மொழிபெயர்ப்பு, 1932இல் வந்தது. கெய்ரோவில் பிறந்தவரே தன் நாட்டின் பழமைக்கு ஆங்கிலத்தின் வழியாகப் போயிருக்கிறார். ஆனால் ஒரே ஒரு மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். 1973இல் வந்த மிரியம் லிக்ட்ஹைமின் தொகுப்பில் பெரும்பகுதி உரைநடை, துதிகள் மட்டும் செய்யுள். 1997இல் ரிச்சர்ட் பார்க்கின்சன் முழுவதையும் கவிதை வரிகளாக்கினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், எங்கே மூலம் பேசுகிறது, எங்கே மொழிபெயர்ப்பாளர் முடிவெடுத்திருக்கிறார் என்பது பிடிபடும். பெயரைப் பற்றியும் அலட்டிக்கொள்ள வேண்டாம். அந்த எழுத்தில் உயிரெழுத்துகள் இல்லை, ‘சினுஹே’ என்பதே நாம் ஒத்துக்கொண்ட உச்சரிப்பு. ‘சிகமோர் மரத்தின் மகன்’ என்று பொருள் சொல்வார்கள். எகிப்தின் சிகமோர் அத்தி இனத்து மரம், நம் அத்திக்கு நெருங்கிய உறவு. அடிக்குறிப்பு இல்லாமலே ‘அத்தியின் மகன்’ என்று எழுதலாம்.

சிக்கல்கள் தமிழிலேயே காத்திருக்கின்றன. பழைய எகிப்தியக் காதல் பாடல்களில் கைவைத்தால் இன்னும் மோசம். அங்கே காதலர்கள் ஒருவரையொருவர் அண்ணன், தங்கை என்றே அழைத்துக்கொள்கிறார்கள். ‘தங்கையைப் பார்த்து ஏழு நாளாயிற்று, நோய் எனக்குள் புகுந்துவிட்டது’ என்று தமிழில் எழுதினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். சினுஹேயில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் கடைசியில் ஒரு காட்சி வருகிறது. தாடியும் அழுக்குமாக, ஆசியப் பாலைவனத்துக்காரனைப் போல நிற்கும் கிழவனைக் காட்டி, ‘இதோ சினுஹே’ என்கிறான் அரசன். அரசி வீறிடுகிறாள், அரசனின் பிள்ளைகள் கூச்சலிடுகிறார்கள், உண்மையில் இது சினுஹே இல்லை என்று. அவர்கள் ‘இவன் இல்லை’ என்பார்களா, ‘இவர் இல்லை’ என்பார்களா? அவன் அந்த அரண்மனையில் பணிசெய்தவன், அதே சமயம் அவர்கள் முன் நிற்பது வயதானவர். ஆங்கிலத்துக்கு இந்தக் கவலை கிடையாது. உங்களால் தப்ப முடியாது.

கடைசி வரிக்கு மட்டும் தமிழ் கைகொடுக்கும். எகிப்தியர் சாவைப் படகு கரை தொடுவதாகச் சொன்னார்கள். ‘கரை சேரும் நாள் வரும்வரை அரசனின் அருளில் இருந்தேன்’ என்று முடிகிறது கதை. ‘இறக்கும் நாள்’ என்று விளக்கிவிடாதீர்கள்.

அமுநென்ஷி கேள்வி கேட்கும் பகுதியை மட்டும் முதலில் செய்து அனுப்புங்கள். அந்த மழுப்பலை எப்படித் தமிழாக்கியிருக்கிறீர்கள் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

அன்புடன்.